உணவு டெலிவரி பற்றிய என் ஆய்வுக்குப் பெரியவர்களின் பதில் வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்விக்கி, சொமேட்டோ போன்ற செயலிகளில் சாப்பாடு வாங்குவதை நம் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் புராஜெக்ட். இதுவரை வந்த பதில்கள் எல்லாம் விடுதி மாணவர்களுடையவை. தள்ளுபடியைத் தாண்டி யாரும் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் வீட்டுக்கு இரண்டு மசால் தோசை வரவழைத்தோம். கடையில் 70 ரூபாய், செயலியில் 95. அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்பார்ம் கட்டணம், ஜிஎஸ்டி. அம்மா விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுடச்சுடக் கட்டியிருந்த சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் குழந்தைக்குக் கொடுக்காதே" என்று தனியே எடுத்து வைத்துவிட்டார். என் கேள்வித்தாளில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை!

அதனால்தான் கேட்கிறேன். வீட்டில் சமைப்பவர்களும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் கொஞ்சம் எழுதுங்கள். எப்போது ஆர்டர் போடுவீர்கள்? எது தயங்க வைக்கிறது? எண்ணெயா, பார்சல் கவரா, விலையா? கடையின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணைப் பார்த்ததுண்டா? பணம் கையிலா, ஜிபேயிலா?

ஒருமுறைகூட ஆர்டர் போடாதவர்கள் அவசியம் சொல்லுங்கள், உங்கள் பதில்தான் எனக்கு ரொம்ப முக்கியம். பெயர் வேண்டாம், ஊரும் வயதும் போதும். தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், நானே எழுதிக்கொள்கிறேன். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கிடைத்தால் பெரிய உதவி.