மறு: 1950களின் 'பெட்டிகோட்' – தமிழில் என்ன?

செம்பூர் ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நம் சொற்பட்டியலில் 'பெட்டிகோட்'டுக்கு 'உள்பாவாடை' என்றே போட்டுவிடலாம் என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அதைப் படித்ததும் நாடா கோத்து, சேலைக்குள் கட்டுவதுதான் கண்ணில் வரும். அது இருப்பதே வெளியே தெரியக் கூடாது. 1950களின் பெட்டிகோட்டுக்கு வேலையோ மேல் பாவாடையை நாலாபக்கமும் தூக்கி நிறுத்துவது.

1947 பிப்ரவரியில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இடுப்பைச் சிறுக்கிப் பாவாடையை விரித்தார். போர்க்காலக் கட்டுப்பாட்டில் ஒடுக்கமாகவே உடுத்திச் சலித்தவர்களுக்கு அது பெரிய மாற்றம். (பிரிட்டனில் துணிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. அங்கே பலர் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.) பிறகு அமெரிக்கப் பள்ளி மாணவிகளும் பிடித்துக்கொண்டார்கள்.

மேலே போடுவதற்குச் சொல் தேட வேண்டாம். இங்கே மும்பையில், மாட்டுங்கா தையல்காரர் 'அம்ப்ரெல்லா கட்' என்பார். நமக்குக் குடைப் பாவாடை. துணியை நாலாக மடித்து, இடுப்புச் சுற்றளவை 6.28ஆல் வகுத்து, மடிப்பு மூலையிலிருந்து அந்த அளவுக்கு வளைவு போடுவார்கள். 24 அங்குல இடுப்புக்கு 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். வெட்டியதும் ஓரம் அடிக்கக் கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டால், கிராஸாக (இழைக்குச் சாய்வாக) விழும் இடங்கள் மட்டும் இறங்கிவிடும். அதைச் சமமாக வெட்டிய பிறகே மடித்து அடிக்க வேண்டும்.

இவ்வளவு துணி தானாக விரிந்து நிற்காது. அதற்குத்தான் உள்ளே நைலான் வலை, அடுக்கடுக்காக. துவைத்தால் துவண்டுவிடும் என்று சர்க்கரைத் தண்ணீரில் முக்கிக் காயவைத்தார்கள். நாம் கஞ்சி போடுகிற கதைதான், எறும்புக்குக் கூடுதல் கொண்டாட்டம்.

ஆகவே என் பரிந்துரை: ஏந்துபாவாடை. வினைத்தொகை என்பதால் நடுவில் 'ப்' வராது. 'விறைப்புப் பாவாடை' என்றால் வழிமுறை மட்டும் தெரிகிறது, பயன் தெரியவில்லை. 'உப்புபாவாடை' சமையலறைக்குப் போய்விடும். 1850களில் வந்த எஃகு வளையக் கிரினோலினை இதோடு சேர்க்க வேண்டாம். அதைக் கூண்டுப் பாவாடை என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

— மாட்டுங்காவிலிருந்து

*

அம்மா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மங்கள்தாஸ் துணி மார்க்கெட்டில் 'ஏந்துபாவாடை' என்று கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். புழக்கத்தில் இருக்கிற 'கேன்கேன்' போதாதா?

— செம்பூரிலிருந்து

*

ஐயா, கடையில் 'கேன்கேன்' என்று கேட்டால் அளந்து தருவது விறைத்த வலைத்துணியை. துணிக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். நமக்கு வேண்டியது தைத்து முடித்த உடைக்குப் பெயர்.

— மாட்டுங்காவிலிருந்து

*

இருவருக்கும் நன்றி. பட அடிக்குறிப்பில் போட்டுப் பார்த்தேன்: 'குடைப் பாவாடையும் மூன்றடுக்கு ஏந்துபாவாடையும், 1955 வாக்கில்.' வாசிக்கும்போது இடறவில்லை. சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், கேன்கேன் வலையைத் தனிப் பதிவாக.

அடுத்தது 'பாபி சாக்ஸ்', கணுக்கால் வரை போடும் காலுறை. 'கணுக்கால் கட்டு' என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். சுளுக்குக்குப் போடுவது போல இருக்கிறது, வேறு சொல்லுங்கள்.

— தாதரிலிருந்து