உதவி: ஏஐஎஸ் லிசனர் ராஸ்பெரி பையில போட்டதும் நிக்குது, "வேறு லூப்" எண்டு எரர்

கொட்டியாரக்கரை:
அண்ணாமார், அக்காமார், அவசரம். கப்பல்கள் தங்கட இடத்தையும் பெயரையும் ரேடியோவில சொல்லுற ஏஐஎஸ்ஸின்ர ரிசீவரில இருந்து வாற வரிகளை டிசிபி போர்ட் 10110இல குடுக்கிற சின்ன லிசனர் ஒண்டு, பைத்தான் அசிங்க்ஐஓவில (ஒரு லூப்புக்குள்ள பல வேலையை மாறி மாறி ஓட்டுற லைப்ரரி). லேப்டொப்பில நல்லா ஓடினது. ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டரில போட்டால் கிளையன்ட் இணைஞ்ச உடன கொஞ்ச வரி வருது, பிறகு ஒண்டும் இல்லை. எரர் பதியிற லொக்கில ரன்டைம்எரர், ஃப்யூச்சர் (இனி வரப்போற முடிவுக்கு வைச்சிருக்கிற இடம்) வேறு லூப்போட இணைஞ்சிருக்கு எண்ட மாதிரி. கெட்_ஈவென்ட்_லூப், நியூ_ஈவென்ட்_லூப், செட்_ஈவென்ட்_லூப் எல்லாம் மாத்தி மாத்திப் போட்டாச்சு. நாளைக்கு உவர்மலையில பூட்டவேணும்.

உவர்மலை_நெட்:
லேப்டொப்பில எந்தப் பைத்தான், பையில எந்தப் பைத்தான்? பையின்ர ஓஎஸ் புல்ஸ்ஐயா புக்வேர்மா? ரிசீவர் யூஎஸ்பி சீரியலா நெட்வேர்க்கா? வரியை வாசிக்கிறது லூப்புக்குள்ளயா, தனி த்ரெட்டிலயா (லூப்புக்கு வெளியில பக்கத்தில ஓடுற வேலை)? வரிகள் வரிசையில காத்திருக்கிற கியூ வைச்சிருந்தால் அதை எந்த இடத்தில உருவாக்குறீங்கள்? இதுகள் தெரியாமல் சொல்லுறது எல்லாம் ஊகம்தான்.

அலைவரிசை:
கோட் பார்க்க முதல் அன்டெனாவைப் பாருங்கோ. ஏ வகை ஏஐஎஸ் பூட்டி நங்கூரத்தில நிக்கிற கப்பல் 3 நிமிஷத்துக்கு ஒருக்காத்தான் தன்ர இடத்தைச் சொல்லும். ஓடுறது எண்டால் வேகத்தைப் பொறுத்து 2 முதல் 10 செக்கனுக்கு ஒருக்கா. உட்துறைமுகத்தில ரெண்டு கப்பல் சும்மா நிக்கிற நேரம் வரி வராமல் இருக்கிறது பிழையே இல்லை. 162 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 46 சென்டிமீற்றர், அதை அளந்து பாருங்கோ. ஆர்ஜி-58 வயர் 20 மீற்றர் இழுத்திருந்தால் ஏறக்குறைய 4 டெசிபல் வயரிலயே போகும், அது பாதிக்கு மேற்பட்ட சக்தி.

பழைய_கோடர்:
அன்டெனாவுக்கும் ரன்டைம்எரருக்கும் சம்பந்தம் இல்லை. தம்பி, நீர் லூப் எண்டால் என்ன எண்டு விளங்காமல் செட்_ஈவென்ட்_லூப்பைத் தூவிக்கொண்டு நிக்கிறீர். ஆவணம் அதுக்குத்தான் இருக்கு, முதல் வாசியும். அசிங்க் எண்டு இறங்கின பிறகு த்ரெட் எதுக்கு? சீரியல் போர்ட்டின்ர ஃபைல் டிஸ்கிரிப்டரை லூப்.அட்_ரீடருக்குக் குடுத்தால் வேலை முடிஞ்சுது.

நிலாவெளி_பை:
எனக்கு இது நேகிள் மாதிரிக் கிடக்கு. சின்னச் சின்ன வரிகள், டிசிபி சேர்த்து வைச்சு அனுப்புது. டிசிபி_நோடிலே போட்டுப் பாருங்கோ.

உவர்மலை_நெட்:
அசிங்க்ஐஓ டிசிபி இணைப்புகளுக்கு நோடிலேயைத் தானே போடும். நேகிள் எண்டாலும் வரி சுணங்கி வரும், அடியோட நிக்காது.

கொட்டியாரக்கரை:
லேப்டொப் விண்டோஸ், 3.11. பை புல்ஸ்ஐ, 3.9. ரிசீவர் யூஎஸ்பி, 38400. த்ரெட்டில பைசீரியல் ரீட்லைன், வரி வந்ததும் கியூ.புட்_நோவெய்ட். கியூ ஃபைலின்ர மேலயே, இம்போர்ட்டுக்குக் கீழ. கடைசி வரி அசிங்க்ஐஓ.ரன். ரெண்டிலயும் ஒரே கோட்தான், பையில செக்கனுக்கு ஒருக்கா எண்ணிக்கை அடிக்கிற டாஸ்க்கை மட்டும் எடுத்தாச்சு.

நிலாவெளி_பை:
அப்ப புக்வேர்முக்கு மாத்துங்கோ. அதில 3.11 வருது, எரர் போயிடும்.

கிண்ணியா_கரை:
மாத்த வேணாம், இப்ப மாத்தினால் எரர் மட்டும்தான் மறையும். உள்ள ரெண்டு பிழை கிடக்கு தம்பி, மோசமானது எரர் தராத பிழை.

எரரை முதல் பாப்பம். 3.9 வரைக்கும் அசிங்க்ஐஓவின்ர கியூ, லொக் (பூட்டு), ஈவென்ட் எல்லாம் உருவாகிற நேரத்திலயே கெட்_ஈவென்ட்_லூப்பைக் கேட்டு ஒரு லூப்பைப் பிடிச்சு வைச்சிடும். உங்கட கியூ இம்போர்ட் நேரத்தில உருவாகுது. பிறகு அசிங்க்ஐஓ.ரன் புதுசா ஒரு லூப்பை உண்டாக்கி அதிலதான் மெயினை ஓட்டுது. கியூவில வரி கிடக்கும் வரை கெட் காத்திருக்காமல் எடுத்துத் தரும், அதால எரர் வராது. வெறுமையானதும் கெட் பழைய லூப்பில ஒரு ஃப்யூச்சரை உண்டாக்கும். புது லூப்பில ஓடுற டாஸ்க் அதுக்குக் காத்திருக்க ஏலாது, அந்த இடத்தில விழும். "கொஞ்ச வரி வருது, பிறகு ஒண்டும் இல்லை" எண்டு எழுதினது இதைத்தான். 3.10இல இருந்து கியூ முதல்முறை காத்திருக்கிற நேரத்திலதான் லூப்பைப் பிடிக்கும், அதால லேப்டொப்பில எரர் இல்லை.

மற்றது, த்ரெட்டில இருந்து நேரா புட்_நோவெய்ட். அசிங்க்ஐஓ.கியூ த்ரெட்சேஃப் இல்லை, வேற த்ரெட்டில இருந்து தொடக் கூடாது. வெளி த்ரெட் வரியைப் போடும், காத்திருக்கிற ஃப்யூச்சரும் முடிஞ்சதா ஆகும், ஆனால் லூப் செலக்டரில (ஏதும் வருதா எண்டு காத்திருக்கிற இடம்) நித்திரை. அதை எழுப்ப ஆள் இல்லை. வேற ஏதாவது நடந்தால்தான், புதுக் கிளையன்ட் இணைஞ்சாலோ ஒரு டைமர் முடிஞ்சாலோதான், கண் முழிச்சு வரியைக் குடுக்கும். லேப்டொப்பில செக்கனுக்கு ஒருக்கா ஓடின அந்த எண்ணிக்கை டாஸ்க்தான் லூப்பை எழுப்பிக்கொண்டு இருந்தது. அதை எடுத்தால் லேப்டொப்பிலயும் நிக்கும்.

சந்தேகம் எண்டால் அசிங்க்ஐஓ.ரன்னில டீபக்=ட்ரூ போட்டு ஓட்டுங்கோ. த்ரெட்டுக்குள்ள இருந்து, த்ரெட்சேஃப் இல்லாத அழைப்பு எண்டு ரன்டைம்எரர் விழும்.

திருத்தம் இப்படி. மேல கிடக்கிற கியூவை அழியுங்கோ, நியூ_ஈவென்ட்_லூப், செட்_ஈவென்ட்_லூப் எல்லாத்தையும் எடுங்கோ. மெயினுக்குள்ள முதல் வரியா

லூப் = அசிங்க்ஐஓ.கெட்_ரன்னிங்_லூப்()

ஸ்டார்ட்_சேர்வர் முடிஞ்ச பிறகு த்ரெட்டைத் தொடங்கி, இந்த லூப்பை ஆர்கியுமென்டாக் குடுங்கோ. த்ரெட்டுக்குள்ள கெட்_ஈவென்ட்_லூப்பைக் கூப்பிடவே வேணாம். வரி வந்ததும்

லூப்.கால்_சூன்_த்ரெட்சேஃப்(பரப்பு, வரி)

இது வேலையை வரிசையில போட்டு, லூப் கேட்டுக்கொண்டிருக்கிற உள்சொக்கெட்டில ஒரு பைட்டையும் எழுதும். செலக்டர் உடன திரும்பும்.

பரப்பு எண்டது சாதாரண ஃபங்ஷன், அசிங்க் வேணாம். ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு கியூ, எல்லாம் ஒரு செட்டில. ஹேண்ட்லர் (ஒரு இணைப்பைக் கவனிக்கிற ஃபங்ஷன்) தொடங்கினதும் 500 வரி கொள்ளுற கியூவை உண்டாக்கிச் செட்டில சேர்க்கும், ஃபைனலியில கழட்டும். கியூ நிரம்பியிருந்தால் பரப்பு பழைய வரி ஒண்டை எடுத்தெறிஞ்சிட்டுப் புதுசைப் போடவேணும், இல்லாட்டி கியூஃபுல் எரர் லூப்பின்ர பதிவை நிரப்பும்.

எல்லாருக்கும் ஒரே கியூ வைச்சால் ஒரு வரி ஒரு கிளையன்டுக்குத்தான் போகும். கப்பல் பெயர் வாற 5ஆம் வகைச் செய்தி 424 பிட், ரெண்டு வரியா உடைஞ்சு வரும். ரெண்டு பேர் இணைஞ்சால் பாதி ஒருத்தருக்கு, பாதி மற்றவருக்கு. வரைபடத்தில கப்பல் தெரியும், பெயர் தெரியாது.

பழைய_கோடர்:
இவ்வளவு சுத்து எதுக்கு? த்ரெட்டை எடுத்தால் கால்_சூன்_த்ரெட்சேஃப் தேவையே இல்லை. அட்_ரீடர் ஒரு வரி.

கிண்ணியா_கரை:
லினக்ஸில சரி. விண்டோஸில வழமையா வாறது ப்ரோஆக்டர் லூப், அதில அட்_ரீடர் நொட்இம்ப்ளிமென்டட்எரர் தரும். செலக்டர் லூப்புக்கு மாத்தினாலும் விண்டோஸில செலக்ட் சொக்கெட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும், கொம் போர்ட்டுக்கு இல்லை. ரெண்டிலயும் ஒரே கோட் ஓடுது எண்டு தம்பி எழுதியிருக்கிறார்.

பழைய_கோடர்:
பூட்டப்போறது பையில. சேர்வர் கோட்டை விண்டோஸுக்காக வளைக்கிறது தேவையில்லாத வேலை. அட்_ரீடர் எண்டால் த்ரெட்டுக்கு இடையில லொக் தேவையில்லை, அதால வாற சிக்கலும் இல்லை, நிறுத்துறதும் சுலபம்.

உவர்மலை_நெட்:
அட்_ரீடரில அரை வரிகளை நீங்களே சேர்க்கவேணும், யூஎஸ்பி கழண்டால் டிஸ்கிரிப்டரை எடுத்துத் திரும்பப் போடவேணும். அதுக்கும் வரிகள் போகும். பையில மட்டும் எண்டால் உங்கட வழி நல்லது, அதை மறுக்கேல்லை. சோதிக்கிறது லேப்டொப்பில எண்டால் த்ரெட்தான்.

அலைவரிசை:
டிசிபியை விட்டிட்டு யூடிபியில பரப்பினால் இந்தக் கியூவே வேணாமே. ரிசீவர் தாற இந்த என்எம்இஏ வரிக்கு யூடிபி நல்லாக் காணும்.

உவர்மலை_நெட்:
வீட்டு நெட்வேர்க்குக்குள்ள காணும். ஃபோன் டேட்டாவில இருந்து பாக்கிறவருக்கு யூடிபி பரப்பல் போய்ச் சேராது. ரெண்டையும் குடுக்கலாம். ஆனால் த்ரெட்டில இருந்து லூப்பின்ர ட்ரான்ஸ்போர்ட்டில சென்ட்டூ கூப்பிடுறதும் அதே பிழை, அதுவும் கால்_சூன்_த்ரெட்சேஃப் வழியாத்தான்.

புறாமலை:
இதுக்குள்ள ஒரு கேள்வி. நிலையத்தின்ர பெயரைக் கொன்டெக்ஸ்ட்வாரில (ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி மதிப்பு வைச்சிருக்கிற மாறி) வைச்சு எரர் பதிவில அடிக்கிறன். ஸ்டார்ட்_சேர்வருக்குப் பிறகு மெயினில செட் செய்தால் ஹேண்ட்லரில பழைய மதிப்புத்தான் வருது. த்ரெட்டில இருந்து வாற ஃபங்ஷனில லுக்கப்எரர்.

கிண்ணியா_கரை:
ரெண்டும் ஒரே விதி: லூப்பில பதியிற எதுவும் பதியிற நேரத்துக் கொன்டெக்ஸ்டைப் பிரதி எடுத்து வைச்சிருக்கும். லிசன் சொக்கெட் ஸ்டார்ட்_சேர்வர் நேரத்தில பதியுது, பிறகு வாற ஒவ்வொரு இணைப்பின்ர டாஸ்க்கும் அந்தப் பிரதியில இருந்துதான் பிறக்கும். நிலையப் பெயரை ஸ்டார்ட்_சேர்வருக்கு முதல் செட் செய்யுங்கோ. கிளையன்ட் முகவரியை ஹேண்ட்லரின்ர முதல் வரியில செட் செய்யுங்கோ, அது மற்ற இணைப்புகளுக்குள்ள கசியாது.

3.9, 3.11இல புது த்ரெட் வெறுங் கொன்டெக்ஸ்டோட தொடங்கும், கால்_சூன்_த்ரெட்சேஃப் அந்த வெறுமையைத்தான் பிரதி எடுக்கும். மெயினில கொப்பி_கொன்டெக்ஸ்ட் எடுத்து, த்ரெட்டுக்குக் குடுத்து, அழைப்பில கொன்டெக்ஸ்ட்= எண்டு சேருங்கோ. ரன்_இன்_எக்ஸிகியூட்டர் கொன்டெக்ஸ்டைக் கொண்டுபோகாது. 3.9இல வந்த டு_த்ரெட் கொண்டுபோகும், ஆனால் முடியாத வாசிப்பை அதில போட்டால் நிறுத்தும்போது அசிங்க்ஐஓ.ரன் அந்த த்ரெட் முடியும் வரை தொங்கிக்கொண்டு நிக்கும். சீரியலில டைம்அவுட்=1 வைச்சு, ஒவ்வொரு சுத்திலயும் நிறுத்தற் கொடி ஒண்டைப் பாக்கவேணும்.

நிலாவெளி_பை:
டைம்அவுட் வைச்சால் ரீட்லைன் அரை வரியையும் தரும், கவனம். கடைசியில புதுவரி இல்லாட்டி சேர்த்து வைச்சு அடுத்ததோட ஒட்டுங்கோ. ஆச்சரியக்குறிக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில உள்ளதை எக்ஸோர் செய்து செக்சம்மைப் பார்த்த பிறகு பரப்பினால் நல்லம்.

கொட்டியாரக்கரை:
கிண்ணியா அக்கா சொன்ன மாதிரி மாத்தினன், ரெண்டிலயும் ஓடுது, கப்பல் பெயரும் வருது. நன்றி எல்லாருக்கும். ஃபோன் கிளையன்ட் சிக்னல் போனாலும் செட்டில இருந்து கழண்டு போகேல்லை, அதை மட்டும் பாக்கவேணும்.

உவர்மலை_நெட்:
சிக்னல் போன ஃபோன் மூடினதாச் சொல்லிப் போகாது, லினக்ஸின்ர கீப்அலைவ் (மற்றப் பக்கம் இன்னும் இருக்கா எண்டு பாக்கிறது) முதல் சோதனைக்கே 7200 செக்கன் எடுக்கும், அதுவும் நீங்கள் போட்டிருந்தால்தான். ரைட்டரின்ர சொக்கெட்டில எஸ்ஓ_கீப்அலைவ் போட்டு, டிசிபி_கீப்ஐடில் 60, கீப்இன்டர்வல் 15, கீப்கவுன்ட் 4 வையுங்கோ. வரி அனுப்பிக்கொண்டு இருக்கிற இணைப்பில பதில் வராத வரைக்கும் கீப்அலைவ் ஓடாது, அதுக்கு டிசிபி_யூசர்_டைம்அவுட்டை 120000 மில்லிசெக்கன் எண்டு சேருங்கோ. அது லினக்ஸில மட்டும்தான் இருக்கு, விண்டோஸில அந்த வரியைத் தாண்டிப் போகிற மாதிரி எழுதுங்கோ. ரைட்டரின்ர ட்ரெயினை (drain, எழுதினது போகும் வரை காத்திருக்கிறது) சுத்தி வெய்ட்_ஃபோர் 10 செக்கனும் போடுங்கோ, மெதுவான கிளையன்டும் அதோட கழண்டிடும்.