ஃப்ளைவீல் ரிங் கியருக்குப் ‘பற்சூட்டு’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல்; அதன் விளிம்பைச் சுற்றி மாட்டிய பல் வைத்த எஃகு வளையம்தான் ரிங் கியர். ஸ்டார்ட்டர் மோட்டார் (செல்ஃப்) இந்தப் பற்களைப் பிடித்தே எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிறது. இந்த ரிங் கியரைப் ‘பல்வளையம்’ எனலாம் என்று நேற்று இங்கே முன்மொழியப்பட்டது. எளிய சொல்தான். ஆனால் வகரத்தின் முன் லகரம் திரியாமல் நிற்பதால், ‘பல வளையங்கள்’ என்று படிக்கவும் அது இடம் தருகிறது. ‘வளையப் பற்சக்கரம்’ என்றால், ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் உட்புறமாகப் பல் வெட்டிய வளையத்தோடு குழம்பும். நாம் பேசும் பொருளுக்கோ பல் வெளியே இருக்கிறது.

சென்ற மாதம், 1098 சிசி எஞ்சின் கொண்ட மோரிஸ் மைனர் கார் ஒன்றுக்கு இதை மாற்றும்போது உடனிருந்தேன். செல்ஃப் போட்டால் சில நேரம் பிடிக்காமல் கரகரவென்று உராயும். வண்டியைக் கியரில் போட்டுச் சற்றே தள்ளியபின் போட்டால் எடுத்துக்கொள்ளும். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும் என்பதால், அந்த இரண்டு இடத்துப் பற்களே தேய்ந்திருந்தன. மெக்கானிக் இரண்டு பற்களுக்கு நடுவே, கீழுள்ள ஃப்ளைவீலில் படாதபடி துளையிட்டு, உளி வைத்து அடித்தார். பழைய வளையம் விண்டது. புதியதை 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை, எஃகின் மேல் வெளிர்நீலம் படரும் அளவுக்குச் சூடேற்றினார். அதற்கு மேல் போனால் பல்லின் பதம் கெட்டுவிடும். உட்குறுக்களவு 25 செ.மீ. என்று கொண்டால், 300 டிகிரி ஏறும்போது அது ஏறத்தாழ 0.9 மி.மீ. விரியும். அந்த இடைவெளிதான் எல்லாம். பல்முனை சாய்வாகச் சீவப்பட்ட பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறு பற்சக்கரமான பினியன் நுழையும் திசையை நோக்கியிருக்கிறதா என்று பார்த்து, இடுக்கியால் தூக்கி வைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டி உட்காரவைத்தார். போல்ட் கிடையாது; ஆறும்போது சுருங்கித் தானே இறுகிக்கொள்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் செய்வதும் இதுவே. அவர் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார், இதைக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். ஆகவே ‘பற்பட்டை’ என்ற சொல்தான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் பல் வைத்த டைமிங் பெல்ட்டுக்கு அந்தப் பெயர் தேவைப்படும்.

ஆரக்கால்களைச் சூழ்ந்த சக்கர விளிம்புக்குச் ‘சூட்டு’ என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. பல்லும் சூட்டும் சேர்ந்தால் பற்சூட்டு. பற்பசை, பற்பொடி போல இங்கேயும் பல் என்பது ஐயமின்றி விளங்கும். ‘சூட்டுக்கோல்’ என்பதைப் போல வெப்பத்தை நினைவூட்டுமே என்று கேட்கலாம். பொருத்தும் முறையே சூடேற்றுவதாக இருக்கையில், அந்த நினைவு வாசகருக்குத் துணைதான். வினையும் இதிலேயே கிடைக்கிறது: முடி சூட்டுவதுபோல, வளையத்தை ஃப்ளைவீலுக்குச் சூட்டுகிறோம். ‘பற்சூட்டு தேய்ந்துவிட்டது, புதியது சூட்ட வேண்டும்’ என்று எழுதினால் பட்டறையில் இருப்பவருக்கும் புரியும் என்று நம்புகிறேன். ஃப்ளைவீலுக்கான சொல்லைத் தனியே பேசலாம்.