பாப்பாவின் ஊசி ஃபார்மும் ஒரு வாய்ஸ் நோட்டும்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள், டர்பன், தென்னாப்பிரிக்கா (இங்கே தமிழில் மட்டும்)

பெரியம்மா (சாட்ஸ்வொர்த்), மாலை 7:12
[பலமுறை அனுப்பப்பட்ட வாய்ஸ் நோட்]
பள்ளியில் கிரேட் 5 பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியைப் பற்றி ஒரு தாய் அழுதுகொண்டே சொல்கிறாள். அதைப் போட்டால் பிற்காலத்தில் வயிற்றில் பிள்ளை தங்காதாம். எல்லாரும் கேளுங்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்.

அண்ணி (ஃபீனிக்ஸ்), 7:16
ஐயோ பெரியம்மா, பாப்பாவுக்குப் போன வாரம்தான் அந்த ஃபார்ம் வந்தது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோயில் குழுவிலும் இதே வாய்ஸ் நோட், வேலையிடத்துக் குழுவிலும் இதே. நெருப்பில்லாமல் புகையுமா?

நான், 7:24
அண்ணி, அது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி, 2014 முதல் அரசுப் பள்ளிகளில் போடுகிறார்கள். நோயைத் தரும் வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப்பலன் என்பதால்தான் இந்தச் சின்ன வயதில். மூன்று குழுக்களில் வந்தது என்பதால் மூன்று பேர் சொன்னதாகிவிடாது. ஒருத்தியின் குரல்தான் மூன்று வழியாக உங்களிடம் வந்திருக்கிறது. நான்காவது தடவை கேட்கும்போது நமக்கே ஏற்கெனவே தெரிந்த விஷயம்போல் ஆகிவிடும், மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), 7:40
அக்கா சொல்வதை உடனே தள்ளிவிடாதே அம்மா. நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகளை 1998இல் உட்கார்ந்து பார்த்தவன் நான். பிராஜெக்ட் கோஸ்ட் என்று அந்தப் பழைய வெள்ளையர் அரசு ரகசியமாக நடத்திய திட்டத்தில், கறுப்பினப் பெண்களுக்குத் தெரியாமலே பிள்ளைப்பேற்றைத் தடுக்க ஒரு ஊசி தயாரிக்க ஆராய்ச்சி நடந்தது என்று, அங்கே வேலை பார்த்த விஞ்ஞானிகளே சாட்சி சொன்னார்கள். அதற்குத் தலைவராக இருந்த வௌட்டர் பாசன் ஒரு இதய மருத்துவர். இந்தப் பயம் இந்த நாட்டில் வானத்திலிருந்து விழவில்லை.

நான், 7:58
மாமா, நீங்கள் சொன்னது உண்மை, அதை யாரும் மறக்கவும் கூடாது. ஒருமுறை ஏமாற்றப்பட்ட மக்களிடம் ‘சும்மா நம்புங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அது எப்படி வெளியே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பெயர் இருந்தது, பெட்டி பெட்டியாக ஆவணங்கள் கிடைத்தன, செய்தவர்களே தங்கள் சொந்தப் பெயரில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொன்னார்கள். இந்த வாய்ஸ் நோட்டில் அந்தத் தாயின் பெயர் இல்லை, ஊர் இல்லை, பள்ளி இல்லை, எந்த வருஷம் என்றுகூட இல்லை. அழுகை மட்டும்தான் இருக்கிறது.

மாமா, 8:03
ம். அது சரிதான்.

பெரியம்மா, 8:05
நான் யாருக்கும் கெடுதல் நினைத்து அனுப்பவில்லை கண்ணு. பாப்பா முகம்தான் கண்முன்னால் வந்தது.

அண்ணன் (ஃபீனிக்ஸ்), 8:19
பெரியம்மா, உங்களை யார் குறை சொல்வது. 2021 ஜூலையில் நானும் இதைத்தான் செய்தேன். கலவரத்தில் கடைகள் எரிந்த அந்த வாரம், இதோ லாரியில் வருகிறார்கள், அடுத்தது உங்கள் தெருதான் என்று நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட். கடைகள் எரிந்தது நிஜம், அதனால் மற்றதெல்லாமும் நிஜமாகத் தெரிந்தது. கை நடுங்கிக்கொண்டே நான் இருபது பேருக்கு அனுப்பினேன், ராத்திரி முழுக்கத் தெருமுனையில் தடுப்புப் போட்டு நின்றோம், எங்கள் தெருவுக்கு ஒரு லாரியும் வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படி வழியில் போன மனிதர்களையே எதிரியாகப் பார்த்த தெருக்கள் இருந்தன. ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். நான் யாரையும் தொடவில்லை, ஆனால் நான் அனுப்பிய இருபதில் எது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணி, 8:24
இதை நீங்கள் என்னிடம்கூடச் சொன்னதில்லையே.

நான், 8:47
அண்ணா, சொன்னதற்கு நன்றி. நானும் ஒன்று சொல்கிறேன். நான் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், எய்ட்ஸ் மாத்திரை விஷம் என்று நம்பி, பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெண் வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்குப் புத்தி இல்லை என்று நினைக்காதீர்கள். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறதா என்று அப்போது அதிபராக இருந்த தாபோ ம்பெகியே கேள்வி கேட்டார், சுகாதார அமைச்சரே பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று மேடையில் பேசினார். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை பரவலாகக் கிடைக்க ஆரம்பித்தது 2004இல்தான். அந்தத் தாமதத்தால் 3,30,000க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை என்றால் அந்தப் பெண் முகம்தான். ஆறு மாதத்தில் போய்விட்டாள், அவள் அம்மா அதற்கப்புறமும் பூண்டுப் பையைக் கையில் வைத்திருந்தார். தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற நினைப்பு தருகிறதே, அதனால்தான் அதை விட முடிவதில்லை.

அப்புறம் அண்ணி, இதே ஊசிக்கு ஜப்பானில் என்ன ஆனது தெரியுமா? பிள்ளைகளுக்கு வலிப்பு வந்ததாகச் செய்திகள் பரவி, அரசு 2013இல் அதைப் பரிந்துரைப்பதையே நிறுத்திவிட்டது. சுமார் 70 விழுக்காடு பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தது 1 விழுக்காட்டுக்கும் கீழே போனது. ஊசிதான் காரணம் என்று எந்த ஆராய்ச்சியிலும் நிரூபணமாகவில்லை, 2022இல் மறுபடி பரிந்துரைக்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஊசி போடாமல் வளர்ந்த அந்தப் பெண்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அண்ணி, 8:55
அப்படியானால் ஒன்றுமே ஆகாதா? உண்மையைச் சொல்.

நான், 8:58
கை வலிக்கும். சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும், அதனால் போட்டதும் 15 நிமிஷம் உட்கார வைப்போம். லேசாகக் காய்ச்சல் வரலாம். ரொம்ப அபூர்வமாக ஒவ்வாமை வரும், அதற்கு மருந்து கையிலேயே இருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பெரியம்மா, 9:20
எனக்கு அனுப்பிய பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கு அவள் நாத்தனார் அனுப்பினாளாம். நாத்தனாருக்கு யாரோ ஸ்டாங்கரில் இருந்து. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. நான் அழித்துவிட்டேன், அவளையும் அழிக்கச் சொன்னேன். கோயில் குழுவில் போட்டதும் நான்தான், அங்கேயும் எழுதிவிடுகிறேன்.

அண்ணி, 9:26
ஃபார்ம் மேசைமேல் இருக்கிறது. நாளை டியூட்டி முடிந்ததும் வருகிறாயா? ஊசி எவ்வளவு நீளம் என்று பாப்பா உன்னிடம்தான் கேட்பாளாம், என்னை நம்ப மாட்டாளாம்.

நான், 9:27
நாலு மணிக்கு வருகிறேன் அண்ணி. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று கொண்டுவருகிறேன், பொம்மைக்குப் போட்டுப் பார்க்கட்டும்.