வளைவில் மூச்சடைக்கும் கார்: குறை காலிலா, தாங்கியிலா?

கோண்டாவில் இளையவன்:

அனைவருக்கும் வணக்கம். கட்டுகுருந்த ஓடுபாதையில் அண்மையில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் நானும் நண்பன் ஒருவனும் ஒரே காரை மாறி மாறி ஓட்டினோம். 1300 சீசீ எஞ்சின் பூட்டிய பழைய ஜப்பானியக் கார் அது. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றர் இல்லை, இன்ஜெக்டர் மூலம் பெற்றோலைப் பீய்ச்சும் வகை. பெற்றோல் தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருந்தவரை எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. கால்வாசிக்குக் கீழே இறங்கிய பின், நீண்ட வலப்பக்கத் திருப்பத்தைக் கடந்து நேர்ப்பாதைக்கு வரும் வேளையில், அக்சிலரேற்றரை அழுத்தியும் எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்து, பிறகு ஓர் உதறலோடு மீண்டும் இழுத்தது. இடப்பக்கத் திருப்பங்களில் இவ்வாறு நேரவே இல்லை.

நண்பன் ஓட்டியபோது இது அரிதாகவே தலைகாட்டியது. அதனால் காரில் பிழை இல்லை, என் காலில்தான் பிழை என்று அவன் அடித்துச் சொல்கிறான். ஆனால் சுற்று நேரத்தைப் பார்த்தால் நானே அவனைவிட விரைவாக ஓடியிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பின் ஒரு கராஜில் காட்டினோம்; அவர்கள் பரிசோதனை எதுவும் செய்யாமலே பம்பை மாற்றச் சொன்னார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னர் காரணத்தைத் தெளிவாக அறிய விரும்புகிறேன்.

இதனோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. எரிபொருளை மிச்சம்பிடித்து ஓட்டுவது ஒரு சாரதியின் திறமையில் சேருமா, அல்லது திறமைக்குப் பூட்டும் விலங்கா? நண்பனுக்கும் எனக்கும் இதிலும் ஒத்துப்போகவில்லை.

சுன்னாகம் கராஜ்காரன்:

தம்பி, நீங்கள் எழுதிய அடையாளங்களிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும், அதுவும் தாங்கி குறைந்த பின்னர் மட்டும் வரும் திணறல், பெரும்பாலும் பம்பின் தேய்மானத்தால் வருவதில்லை. பம்பு களைத்திருந்தாலோ வடிகட்டி அடைத்திருந்தாலோ, நேர்ப்பாதையின் கடைசியில், எஞ்சின் உச்சச் சுழற்சியில் அதிகப் பெற்றோல் கேட்கும் இடத்தில்தான் முதலில் தெரியும். சூட்டினால் குழாயில் ஆவி கட்டியிருந்தால், ஓடி முடித்து நிறுத்திவைத்த காரை மீண்டும் கிளப்பும்போது சிரமம் தந்திருக்கும்.

வலப்பக்கம் திரும்பும்போது தாங்கியில் உள்ள பெற்றோல் இடப்பக்கம் ஒதுங்குகிறது. எவ்வளவு ஒதுங்கும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமாக இருந்தால், அதாவது 1 ஜீ ஆனால், பெற்றோலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். நல்ல ரயர் பூட்டிய சாதாரணக் கார் 0.8 ஜீ வரை தாங்கும். அப்போதும் சாய்வு ஏறத்தாழ 39 பாகை இருக்கும். வீதிக் காரின் தாங்கி அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால், கால்வாசிப் பெற்றோல் அப்படிச் சாயும்போது, வலப்பக்கமாக அமைந்த உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்துவிடும். பம்பு அதன் பின் காற்றைத்தான் இழுக்கும். உங்கள் காரின் தாங்கியை இறக்கிப் பார்த்தால் அந்த வாய் வலப்பக்கத்தில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

திணறல் திருப்பத்தின் நடுவில் வராமல் முடிவில் வருவதற்கும் காரணம் உண்டு. காற்றை இழுத்த பின்னும் குழாயில் உள்ள பெற்றோல் சிறிது நேரம் எஞ்சினுக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் முழு வலு கேட்கும் கணத்தில்தான் அந்தக் காற்றுக்குமிழ் இன்ஜெக்டரை வந்தடைகிறது.

இனி உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருவோம். வேகத்தைக் கொண்டு திருப்பத்துக்குள் நுழைந்து, நெடுநேரம் அதே விசையில் காரை வைத்திருப்பவருக்கே இந்தக் குறை வெளிப்படும். நண்பருக்கு அரிதாக வந்ததென்றால், அவர் திருப்பத்தில் மெதுவாகப் போயிருக்கிறார் என்பதே அதன் பொருள். சுற்று நேரமும் அதையே சொல்கிறது.

ஆனால் இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பெற்றோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று நிறையளவில் வேண்டும். முழு வலுவில் ஓடும்போது பெற்றோலின் பங்கு இன்னும் கூட இருந்தால்தான் எரியறை சூட்டைத் தாங்கும். முழு வலு கேட்கும் நேரத்தில் பெற்றோல் குறைந்தால் எரியறை அளவுக்கு மீறிச் சூடேறி, எஞ்சின் தட்டத் தொடங்கும், அதாவது பெற்றோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதுபோல் ஒலிக்கும். அந்தத் தட்டலில் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுவதற்கு ஒரு நேர்ப்பாதையே போதும். நீங்கள் ஓர் உதறலாக உணர்வதை எஞ்சின் ஒரு காயமாக உணர்கிறது.

பெற்றோல் அழுத்தமானி ஒன்றை நீண்ட குழாயோடு இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளியே, துடைப்பானுக்கு அருகில் ஒட்டிவையுங்கள். மானியையோ குழாயையோ காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்கட்டும். உங்கள் வகைக் கார்களில் அழுத்தம் பெரும்பாலும் 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிற்கும். வலப்பக்கத் திருப்பத்தில் மட்டும் முள் சரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

நல்லூர் பந்தய ரசிகன்:

இரண்டாவது கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். எரிபொருள் மிச்சம்பிடிப்பது பந்தயத்தின் உயிரையே எடுக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். போர்மியுலா வன்னில் 2010 இல் இடையில் எரிபொருள் நிரப்புவது தடைசெய்யப்பட்டது. 2014 இல் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோகிராம் என்ற எல்லை வந்து, 2019 இல் அது 110 ஆனது. எரிபொருள் பாயும் வீதத்துக்கும் மணிக்கு 100 கிலோகிராம் என்று எல்லை இட்டார்கள். 2014 இல் மெல்பேணில் தன் சொந்த நாட்டு மக்களின் முன் இரண்டாவதாக வந்து மேடையேறிய டானியல் ரிக்கார்டோ, அந்த வீத எல்லையைக் கார் மீறியது என்பதற்காகச் சில மணி நேரத்தில் தகுதி இழந்தார். 2021 இல் ஹங்கேரியில் இரண்டாவதாக வந்த செபஸ்தியன் வெற்றலின் காரிலிருந்து, மாதிரிக்காக 1 லீற்றர் எடுக்க வேண்டிய இடத்தில் 0.3 லீற்றர்தான் எடுக்க முடிந்தது. அவருடைய இடமும் பறிபோனது. மழையில் நனைந்த பாதையில் தொடங்கிய பந்தயத்தில் ஒரு மனிதர் மணிக்கணக்காகக் காட்டிய திறமை ஒரு போத்தல் பெற்றோலில் அழிந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. முன்னால் போகும் காரைத் துரத்த வல்லவனிடம், துரத்தாதே, மிச்சம்பிடி என்று வானொலியில் சொல்வது எந்த வகையில் பந்தயமாகும்?

பருத்தித்துறை வாசகன்:

ரசிகன் அண்ணாவின் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் வேறு வேறான இரண்டை ஒரே தட்டில் வைக்கிறார். ரிக்கார்டோவுக்கும் வெற்றலுக்கும் நேர்ந்தது அவர்களுடைய கையில் இருக்கவில்லை; வெற்றலின் காரில் எரிபொருள் தொகுதி பழுதாகிப் பெற்றோல் இழக்கப்பட்டதாக அவருடைய அணியே பின்னர் கண்டறிந்தது. 2022 இல் பஹ்ரேனில் ரெட் புல் கார்கள் இரண்டும் கடைசிச் சுற்றுகளில் நின்றதும் அவ்வாறே. வெர்ஸ்டப்பன் இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார்; பெரெஸின் எஞ்சின் கடைசிச் சுற்றின் முதல் திருப்பத்தில் அடைத்து, கார் சுழன்று நின்றது. எரிபொருள் எஞ்சினுக்குப் போய்ச் சேராததுதான் பழுது. அவ்வளவு பணமும் அறிவும் உள்ள அணிக்கே இது நேரும்போது, கோண்டாவில் தம்பி தன் காலை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மிச்சம்பிடித்து ஓட்டுவது வேறு விடயம். அது முழுக்க முழுக்கச் சாரதியின் கைவண்ணம். எல்லோரும் வலுவைக் குறைக்கலாம். எங்கே குறைத்தால் நேரம் போகாது என்று அறிவதே வித்தை. நேர்ப்பாதையின் கடைசியில் கார் உச்ச வேகத்தை நெருங்கிய பின், எஞ்சினின் வலு ஏறத்தாழ முழுவதும் காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதற்குத் தேவையான வலுவோ வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். ஆகவே பிரேக் பிடிக்க வேண்டிய இடத்துக்குச் சில பத்து மீற்றர் முன்னதாகவே காலை எடுத்துவிட்டால், மிக அதிகமாகப் பெற்றோல் எரியும் இடத்தில் அது மிஞ்சும். இழக்கும் நேரமோ மிகச் சிறிது. அதே அளவு பெற்றோலைத் திருப்பத்திலிருந்து வெளியேறும் இடத்தில் மிச்சம்பிடிக்க முயன்றால், அங்கே இழந்த வேகம் நேர்ப்பாதை முழுவதும் கூடவே வரும். காலை முன்னதாக எடுத்தவர் பிரேக்கைப் பிந்திப் பிடிக்க வேண்டும், அழுத்தத்தையும் மாற்ற வேண்டும், ஆயினும் திருப்பத்துக்குள் நுழையும் வேகம் மாறக் கூடாது. இதைச் சுற்றுக்குச் சுற்று, பின்னால் ஒருவர் முட்டிக்கொண்டு வரும்போது செய்வது சாதாரண வேலை இல்லை.

போர்மியுலா வன் சாரதி அலன் ப்ரொஸ்ற் இதில் கரைகண்டவர். 1986 இல் ஒரு பந்தயத்துக்கு 195 லீற்றர்தான் அனுமதி. அந்த ஆண்டு ஹொக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் பெற்றோல் தீர்ந்து, எல்லைக்கோட்டை நோக்கிக் காரைத் தள்ளியவர் அவர். அதே ஆண்டின் கடைசிப் பந்தயமான அடிலெய்ட்டில், ரயர் பஞ்சராகி இடையில் நிறுத்திப் பின்தங்கிய பிறகும், பெற்றோல் போதாது என்று கணினி காட்டிக்கொண்டிருந்தபோதும் வென்று உலகப் பட்டத்தை எடுத்தார். கோட்டைத் தாண்டியதுமே காரை நிறுத்தி இறங்கிவிட்டார். 2016 இல் அமெரிக்காவில் நடந்த 100 ஆவது இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தில் அலெக்சாண்டர் ரொஸ்ஸி, மற்றவர்கள் பெற்றோல் நிரப்ப உள்ளே போன நேரத்தில் போகாமல் தாக்குப்பிடித்து, வெறும் தாங்கியோடு உருண்டு வந்து வென்றார். அந்தப் பந்தயத்தில் அது அவருக்கு முதல் ஆண்டு. இவற்றைப் பந்தயம் இல்லை என்று அண்ணா சொல்வாரா?

நல்லூர் பந்தய ரசிகன்:

ரொஸ்ஸியின் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. உத்தி அணியுடையது என்றாலும், வெறும் தாங்கியோடு காரைக் கோட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். ப்ரொஸ்ற் காலத்தில் கணக்கைச் சாரதியே காருக்குள் இருந்து போட்டார். இன்று ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கே காலை எடுப்பது என்பதைப் பொறியியலாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தீர்மானம் சாரதியிடம் திரும்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அவ்வாறானால் நானும் அதைத் திறமை என்பேன்.

மானிப்பாய் பழைய சாரதி:

பிள்ளைகளே, நான் பந்தயம் ஓடியவன் இல்லை. வாடகைக் கார் ஓடியவன். இருந்தும் வாசகன் எழுதியதை வாசித்தபோது இரண்டு வரி எழுத வேண்டும் என்று தோன்றியது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் துளிக்கணக்கில்தான் கிடைத்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில துளி விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒக்டேன், அதாவது தட்டலைத் தாங்கும் திறன், மிகக் குறைந்த எண்ணெய் ஆகையால் எஞ்சின் எந்நேரமும் தட்டத் தயாராக இருக்கும். அந்தக் கார்களின் எஞ்சினுக்குள் கலவை அமுக்கப்படும் அளவு குறைவாக இருந்தபடியால்தான் அவை பிழைத்தன.

பருத்தித்துறைக்குப் போகும் வழியில் உள்ள வல்லை வெளியில் வாடைக்காற்று எதிர்த்து வீசும்போது, மேல் கியரில் காலை அழுத்தினால் உடனே தட்டல் கேட்கும். தட்டல் கேட்பதற்கு முன்னரே கியரை இறக்கி, காலை அரைவாசியில் வைத்து, எஞ்சினை அதன் போக்கில் சுழல விட்டவன்தான் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்தான். வேகமாக ஓடத் தெரிந்த பலர் அந்நாளில் எஞ்சினை உடைத்தார்கள். காது பழகாதவனுக்கு மீற்றர்கள் எத்தனை இருந்தும் பயன் இல்லை என்பது என் துணிபு. கோண்டாவில் தம்பி திணறலைக் கேட்டு நிறுத்தி, காரணத்தைத் தேடியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கோண்டாவில் இளையவன்:

ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கராஜ்கார அண்ணா சொன்னவாறு தாங்கியை இறக்கிப் பார்த்தோம். உறிஞ்சு வாய் வலப்பக்கமாகவே இருக்கிறது. உள்ளே தடுப்புத் தகடு எதுவும் இல்லை. அடியில் நுண்ணிய துரு படிந்திருந்தது. 2022 இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் கான்களில் சேமித்த பெற்றோல் இந்தத் தாங்கிக்குள் போனதாகக் காரின் முந்திய உரிமையாளர் சொல்கிறார். அழுத்தமானி பூட்டி ஓட இன்னும் வாய்ப்பு அமையவில்லை. இரண்டு சிறிய ஐயங்கள் உண்டு. அடுத்த ஓட்டத்தில் தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பிக்கொண்டு ஓடினால் போதாதா? ஒக்டேன் 92 க்குப் பதிலாக 95 அடித்தால் இது குறையுமா?

சுன்னாகம் கராஜ்காரன்:

ஒக்டேனுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. 95 இல் அதிக சக்தி அடங்கியிருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது தட்டலைத் தாங்கும் திறன் மட்டுமே. 92 க்கென்று வடிவமைத்த எஞ்சினுக்கு அதனால் வலு கூடாது, காற்றை இழுக்கும் பம்புக்குப் பெற்றோலும் கிடைக்காது.

நிரப்பிக்கொண்டு ஓடுவது இப்போதைக்கு நல்ல வழிதான். 20 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 15 கிலோகிராம். உங்கள் காருக்கு அது பெரிய பாரம் இல்லை, அதனால் இழக்கும் நேரம் திணறலால் இழப்பதைவிடக் குறைவு. துருவை முழுதாகக் கழுவி, வடிகட்டியைப் புதிதாகப் போட்ட பின்னரே பம்பைப் பற்றி யோசியுங்கள்.

நிலையான தீர்வு வேண்டுமென்றால் தாங்கிக்குள் தடுப்புத் தகடு வைக்கலாம், அல்லது 1 தொடக்கம் 2 லீற்றர் கொள்ளும் சேகரிப்புக் குவளை ஒன்றை இடையில் பூட்டலாம். பழைய பம்பு குவளையை நிரப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பம்பு குவளையிலிருந்து எஞ்சினுக்கு அனுப்பும். திருப்பத்தில் தாங்கியின் வாய் காற்றை இழுத்தாலும் குவளையில் உள்ளது சில செக்கன்களுக்குப் போதும். தாங்கியில் வெல்டிங் வேலை என்றால், அதை முற்றாகக் கழுவி ஆவி நீக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டும் கொடுங்கள்; வெறும் தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. குவளையைப் பின்பெட்டிக்குள் வைப்பதானால், அதற்கும் உங்கள் இருக்கைக்கும் இடையில் இடைவெளியில்லாத இரும்புத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். தகடு அடித்து முடியும்வரை குவளையைப் பூட்டி ஓடாதீர்கள்.