நான்கு சுவிசேஷங்களை ஒரே கதையாகச் சேர்த்துப் படிப்பதா, தனித்தனியாகவா?

கடுகுவிதை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் வேதபாடத்தில் அடுத்த மூன்று மாதம் இயேசுவின் வாழ்க்கையை எடுக்கிறோம். நான்கு சுவிசேஷங்களையும் கால வரிசைப்படி ஒரே கதையாக அடுக்கி நடத்தலாம் என்று நினைத்தோம். ஆரம்பத்திலேயே இடிக்கிறது. ஆலயத்தில் காசுக்காரரைத் துரத்தியது யோவானில் 2-ம் அதிகாரம்; மாற்கில் 11-ம் அதிகாரம், கடைசி வாரம். எங்கே வைப்பது?

ஒலிவமலை:
அடுக்குகிற வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் சகோதரரே. 2-ம் நூற்றாண்டிலேயே தத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கையும் பின்னி ஒரே நூலாக்கினார். சிரியா சபைகளில் நெடுங்காலம் அதைத்தான் வாசித்தார்கள். 5-ம் நூற்றாண்டில் அங்கிருந்த ஆயர்களே அதை விலக்கி, தனித்தனிச் சுவிசேஷங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பின்னினால் என்ன கெடும் என்பதற்கு உங்கள் கேள்வியே போதும். மாற்கில் முதலில் அத்திமரம் சபிக்கப்படுகிறது (11:12-14), அடுத்து ஆலயம், மறுநாள் காலையில் மரம் வேரோடே பட்டுப்போயிருக்கிறது (11:20). இலை மட்டும் உள்ள மரத்தைக் கொண்டு மாற்கு ஆலயத்தை விளக்குகிறார். நடுத்துண்டை உருவி யோவான் 2-க்குப் பக்கத்தில் வைத்தால் அந்த விளக்கம் அறுந்துவிடும்.

மாற்கில் தொடங்குங்கள். முதல் வாரம் 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசிக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், நாலைந்து பேர் மாற்றி மாற்றி வாசிக்கலாம். விளக்கம் சொல்ல நிறுத்தாதீர்கள். பிறகு வாரத்துக்கு இரண்டு அதிகாரம். 8:31, 9:31, 10:33 மூன்றையும் கோடிடச் சொல்லுங்கள்: மூன்று முறை தம் மரணத்தைச் சொல்கிறார். மூன்று முறையும் சீஷர்களுக்குப் புரியவில்லை. பேதுரு கடிந்துகொள்கிறான், யார் பெரியவன் என்று வாக்குவாதம், யாக்கோபும் யோவானும் வலது இடது பக்கம் கேட்கிறார்கள். இந்தப் பகுதிக்கு முன்னும் (8:22) பின்னும் (10:46) குருடர் பார்வையடைகிறார்கள். வாரம் பத்து வசனமாக எடுத்தால் இது கண்ணில் படவே படாது.

நாலுபத்தி:
மாற்குக்கு ஒன்பது வாரம் போனால், மீதி வாரங்களை ஒப்பிட்டுப் படிக்க வையுங்கள். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த சம்பவம் நல்ல தொடக்கம். இயேசு தம் ஊழியத்தில் செய்த அற்புதங்களில் நான்கு சுவிசேஷங்களிலும் வருவது இது ஒன்றுதான் (மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6).

ஒரு தாளை நான்கு பத்தியாகக் கோடு போட்டு, வசனங்களைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். நால்வரும் சொல்வதற்கு ஒரு நிறம், ஒருவர் மட்டும் சொல்வதற்கு வேறு நிறம். மாற்கு மட்டும் பசும்புல் என்கிறார். யோவான் மட்டும் பஸ்கா சமீபம் என்கிறார். பஸ்கா வசந்தத்தில் வருவது, மழைக்காலம் முடிந்து கலிலேயாவில் புல் பச்சையாக இருக்கும் சமயம். வாற்கோதுமை அப்பம் என்பதும், ஜனங்கள் அவரை ராஜாவாக்கப் பார்த்தார்கள் என்பதும் யோவானில் மட்டுமே. எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பண்டிகை நெருங்கும்போது, அதுவும் ரோமர் ஆட்சியில், வனாந்தரத்தில் அப்பம் கிடைத்தால் ஜனங்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று அப்போது கேளுங்கள்.

பொதுவாக நடக்கும் தவறு, வித்தியாசத்தைக் கண்டதும் உடனே சமாதானம் சொல்லப் பார்ப்பது. முதலில் தாளில் எழுதட்டும்.

கடுகுவிதை:
மிக்க நன்றி. ஆனாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்: ஆலயத்தில் ஒரு தடவையா, இரண்டு தடவையா?

ஒலிவமலை:
இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். இரண்டு தடவை என்பவர்கள், ஆலயம் கட்ட 46 வருஷம் ஆயிற்று என்று யோவான் 2:20-ல் யூதர் சொல்வதைக் காட்டுவார்கள். ஏரோது ஆலய வேலையைத் தொடங்கியது கி.மு. 20-19 வாக்கில்; கூட்டினால் கி.பி. 27-28 வருகிறது, அது ஊழியத்தின் தொடக்கத்துக்குப் பொருந்துகிறது. ஒரே தடவை என்பவர்கள், எந்தச் சுவிசேஷமும் இரண்டைச் சொல்லவில்லை, யோவான் தம் நோக்கத்துக்காக முன்னால் வைத்தார் என்பார்கள். ஆராய்ச்சியாளரில் அதிகம் பேர் இந்தப் பக்கம்தான். விசுவாசமுள்ளவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும், யோவான் 2:21-22-ஐ வாசிக்காமல் அந்த வகுப்பை முடிக்காதீர்கள்: இயேசு தம் சரீரமாகிய ஆலயத்தைக் குறித்தே பேசினார், அவர் உயிர்த்தெழுந்த பிறகு சீஷர்கள் அதை நினைவுகூர்ந்தார்கள் என்கிறது அது. யோவான் அதை ஏன் அங்கே வைத்தார் என்பதற்கு அவரே தரும் விடை அதில் இருக்கிறது.