உதவி: ஏர் ரைபிளுக்கு நீண்ட நாள் உழைக்கிற மாற்று பேரல் எது?

பாளை ராசா
அவசரம். என் ரைபிளில் பேரல் தேய்ந்துவிட்டது. வாங்கிய புதிதில் பத்து மீட்டரில் எல்லா அடியும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். இப்போது தீப்பெட்டி அளவுக்குச் சிதறுகிறது. அடுத்த மாதம் போட்டி. இனிமேல் தேயவே தேயாத மாதிரி ஒரு பேரலைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். எது நல்லது, எங்கே கிடைக்கும்? பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சீக்கிரம் சொல்லுங்கள் அண்ணாச்சிமாரே.

வண்ணார்பேட்டைக்காரன்
என்ன துப்பாக்கி என்று சொல்லவே இல்லையே. ஸ்பிரிங்கா, சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றில் சுடுகிற பிசிபியா? எந்த மாடல்? பேரல் எல்லாம் ஒன்றுக்கொன்று மாறாது. வெளிவிட்டம் வேறு, காற்று வருகிற துளையின் இடம் வேறு, பின்பக்கம் உட்காருகிற அளவு வேறு. மாடல் தெரியாமல் பேரல் சொல்ல முடியாது.

டெக்சாஸ் நெல்லையப்பன்
தம்பி, யோசிக்கவே வேண்டாம். உள்ளே குரோம் பூசிய பேரல் எடுங்கள். இங்கே நாங்கள் ஏஆர்-15 ரைபிள் சேர்க்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். 4150 எஃகு, உள்ளே குரோம் பூச்சு, அடித்துத் தீர்க்க முடியாது. அதற்கு அடுத்தது நைட்ரைடு. உப்புக் குளியலில் போட்டு மேல்பரப்பையே கடினமாக்கிவிடுவார்கள், துருவும் ஏறாது. ஸ்டெயின்லெஸ் குறி சுத்தமாக நிற்கும், ஆனால் தொடர்ந்து வேகமாகச் சுட்டால் அறைக்கு முன்னால் இருக்கிற கழுத்து சீக்கிரம் அரித்துவிடும். என் ஓட்டு குரோமுக்கு. வேண்டுமானால் இங்கிருந்து ஒன்று பார்சல் போடட்டுமா?

பத்துப்புள்ளி ஒன்பது
டெக்சாஸ் அண்ணாச்சி, தயவுசெய்து பார்சல் போடாதீர்கள். அது சுங்கத்தில் நிற்கும், தம்பி வாசலில் போலீஸ் நிற்கும்.

அவர் சொன்னதெல்லாம் வெடிமருந்துத் துப்பாக்கியின் கதை. மருந்து எரிகிற சூட்டிலும் அழுத்தத்திலும்தான் அங்கே கழுத்து அரிக்கிறது. அதைத் தாங்கத்தான் குரோமும் நைட்ரைடும். ஏர் ரைபிளில் எரிகிற பொருளே கிடையாது. பிசிபியில் காற்று விரிந்து வெளியேறும்போது குளிரத்தான் செய்யும். போகிற பெல்லட் என்கிற குண்டு ஈயம், பேரல் எஃகு. ஈயம் உரசி எஃகு தேய வேண்டுமென்றால் உங்கள் பேரன் காலம் வரை சுட வேண்டும். இந்த அடிப்படையே தெரியாமல் "பேரல் தேய்ந்துவிட்டது" என்று இழை ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம், பத்து மீட்டர் இலக்கில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு ரூபாய்க்குள் விழுந்ததை நல்ல குரூப் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போட்டி ரைபிளைத் தாங்கியில் வைத்துச் சுட்டால் ஐந்து அடியும் ஒரே ஓட்டையாக விழ வேண்டும்.

பாளை ராசா
பிசிபிதான். துளை விட்டம் 4.5 மி.மீ. நம் நாட்டுத் தயாரிப்பு, பெயர் வேண்டாம், சண்டை வரும். பழைய கைமாற்று. பேரலைச் சொல்லுங்கள் சார்.

என்சிசி தங்கச்சி
அண்ணா, சில கேள்விகள். தாங்கியில் வைத்துச் சுட்டீர்களா, கையில் பிடித்தா? ஸ்கோப்பா, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கிற பீப் சைட்டா? மவுண்ட் ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா? பேரலைப் பிடித்திருக்கிற சின்ன கிரப் ஸ்குரூக்களைப் பார்த்தீர்களா? பெல்லட் டப்பா மாற்றினீர்களா? எங்கள் கேம்ப்பில் ஒரு பையன் 4.49 தலை விட்டம் உள்ளதை விட்டுவிட்டு 4.50-க்கு மாறியதற்கே குரூப் விரிந்துவிட்டது. இதையெல்லாம் பார்க்காமல் பேரலுக்குப் போகாதீர்கள்.

உவரிக் காற்று
பேசாமல் 5.5 பேரலாகப் போட்டுவிடுங்கள். கனமான பெல்லட், அடியும் பலம்.

பத்துப்புள்ளி ஒன்பது
போட்டுவிட்டு உரிமம் யார் வாங்குவது? 2016 ஆயுத விதிகளில் தெளிவாக இருக்கிறது. விட்டம் 4.5 மி.மீ. தாண்டினாலும் உரிமம், ஆற்றல் 20 ஜூல் தாண்டினாலும் உரிமம். 0.54 கிராம் பெல்லட் வினாடிக்கு 272 மீட்டரைத் தாண்டினால் 20 ஜூல் வந்துவிடும். தவிர, பத்து மீட்டர் போட்டிக்கு 4.5 மட்டும்தான். கொஞ்சம் படித்துவிட்டு எழுதுங்கள்.

உவரிக் காற்று
நீங்கள் படித்ததை எல்லாரும் படித்திருக்க வேண்டும் என்றால் இந்த இழை எதற்குவே?

பேட்டை லேத்
ராசா தம்பி, கைமாற்று என்றீர்களே, யாரிடமிருந்து, எப்போது? அதுவரை எங்கே கிடந்தது? கேள்வி காரணத்தோடுதான்.

பாளை ராசா
ஜங்ஷன் பக்கம் ஒருத்தரிடம். 2023 வெள்ளத்துக்கு அப்புறம் வாங்கினேன். அவர் வீட்டில் தண்ணீர் ஏறி பெட்டி நனைந்ததாம், ஆனால் துடைத்து எண்ணெய் போட்டுப் பத்திரமாகத்தான் கொடுத்தார். துரு எல்லாம் தெரியவில்லை. நானும் நன்றாகப் பராமரிக்கிறேன். குடைக்கம்பியில் துணி சுற்றி, தேங்காய் எண்ணெய் தொட்டு, முன்வாய் வழியாக விட்டு வாராவாரம் பளபளவென்று தேய்த்துவிடுவேன்.

வண்ணார்பேட்டைக்காரன்
ஐயோ.

என்சிசி தங்கச்சி
குடைக்கம்பியா???

பேட்டை லேத்
சரி, இப்போது கதை புரிகிறது. குடைக்கம்பியை எடுத்துப் பாருங்கள். அது உருளை இல்லை, மடித்த தகடு. இரண்டு ஓரமும் பிளேடு மாதிரி இருக்கும். துணி சுற்றினாலும் போகும்போதும் வரும்போதும் நகர்ந்துவிடும். நகர்ந்தால் ஓரம் நேராகப் பேரல் வாயில்தான் உரசும். வாய் விளிம்பை கிரவுன் என்பார்கள். பெல்லட் கடைசியாகத் தொடுகிற இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் மயிரளவு பிசிறு இருந்தாலும் பின்னாலிருந்து வருகிற காற்று ஒரு பக்கம் முன்னாடி பிரியும், பெல்லட்டின் பின்பக்க விளிம்பை, அதாவது பாவாடையை, ஒரு பக்கமாகத் தள்ளும். அப்புறம் எத்தனை ஆயிரம் ரூபாய் பேரலாக இருந்தாலும் சிதறத்தான் செய்யும்.

சோதிப்பது சுலபம். காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து வாய்க்குள் லேசாக விட்டு, விளிம்பை ஒட்டி வட்டமாகச் சுற்றி, வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பஞ்சு நார் மாட்டினால் அங்கே பிசிறு. நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்தது துரு. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பேரலைக் கழற்றி, ஒரு பெல்லட்டைப் பின்பக்கம் வைத்து, மழமழப்பான பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே சீராக வந்து கடைசியில் கொஞ்சம் இறுகினால் நல்லது. அந்த இறுக்கம் வேண்டுமென்றே வைப்பது, சோக் என்பார்கள். நடுவில் சொரசொரவென்று பிடித்தால் துருக்குழி. வெளியே வந்த பெல்லட்டைப் பாருங்கள், பேரலின் உள்வரிகள் சுற்றிலும் ஒரே மாதிரி பதிந்திருக்க வேண்டும்.

வெறும் கிரவுன் பிசிறு என்றால் புது பேரலே வேண்டாம். பித்தளை உருண்டைத் தலை ஸ்குரூவில் வால்வ் தேய்க்கிற பேஸ்ட் தடவி, டிரில்லில் மெதுவாகச் சுற்றி, கையை வட்டமாக ஆட்டிக்கொண்டே பிடித்தால் விளிம்பு சீராகிவிடும். உள்ளே பேஸ்ட் போகாமல் எண்ணெய்ப் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும். யாராவது "முன்னாடி ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாகக் கிரவுன் போடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சோக் அந்த முனையில்தான் இருக்கிறது, வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பத்துப்புள்ளி ஒன்பது
லேத் அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் டிரில், வால்வ் பேஸ்ட் எல்லாம் போட்டி ரைபிளில் செய்கிற வேலையா? முறையான லேத்தில் துளையை மையமாகப் பிடித்து வெட்ட வேண்டும். மேலும் முன்னால், பெல்லட்டோடு வருகிற காற்றை விலக்கிவிடுகிற ஏர் ஸ்ட்ரிப்பர் இருந்தால் அது கோணலாக உட்கார்ந்து பெல்லட் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை.

பேட்டை லேத்
ஸ்ட்ரிப்பர் நல்ல யோசனை, அதையும் பாருங்கள் தம்பி. டிரில் விஷயத்தில் உருண்டைத் தலை தன் மையத்தைத் தானே தேடிக்கொள்ளும். முப்பது வருஷம் லேத்தில் நிற்கிறவன் சொல்கிறேன்.

கடையம் விவசாயி
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த மாதிரி துப்பாக்கி காட்டுப்பன்றிக்கு ஆகுமா? ராத்திரியில் இறங்கி வாழை, சேனைக்கிழங்கு எல்லாவற்றையும் உழுதுவிட்டுப் போகிறது.

பத்துப்புள்ளி ஒன்பது
ஆகாது. 20 ஜூல் பன்றிக்குக் காயம்தான் கொடுக்கும், காயம்பட்ட பன்றி உங்களைத் தேடி வரும். தவிர 1972 வன உயிரினச் சட்டத்தில் உள்ளே போவீர்கள்.

கடையம் விவசாயி
சட்டம் எங்களுக்கும் தெரியும் சார். 2025 ஜனவரியில் அரசாணை வந்ததே.

வண்ணார்பேட்டைக்காரன்
வந்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வருகிற பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை, நீங்கள் இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கி.மீ.க்குள் சுடக்கூடாது.

கடையம் விவசாயி
எங்கள் வயல் வரப்பில் நின்றால் மலை கையெட்டும் தூரம். களக்காடு முண்டந்துறைப் பக்கம் இருக்கிறவனுக்கு இந்த 3 கி.மீ. கணக்கால் என்ன பிரயோஜனம்? ரோட்டோரம் இருக்கிறவனுக்கு ஆணை, காட்டோரம் இருக்கிறவனுக்கு ஆறுதலா?

உவரிக் காற்று
கடையம் இப்போது தென்காசி மாவட்டம், அங்கே போய்க் கேளுங்கள் :)

கடையம் விவசாயி
மாவட்டத்தைப் பிரித்தார்கள், பன்றியைப் பிரிக்கவில்லை.

என்சிசி தங்கச்சி
அண்ணாச்சிமாரே, பன்றிக்குத் தனி இழை போடுங்கள். நியாயமான விஷயம், ஆனால் இங்கே ராசா அண்ணன் கேள்வி மூழ்கிவிடும். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், வந்து நம்மை எல்லாரையும் திட்டப் போகிறார்கள்.

டெக்சாஸ் நெல்லையப்பன்
துரு என்று வந்துவிட்ட பிறகாவது என் நைட்ரைடு யோசனையைக் கவனிப்பீர்களா? வெள்ளத்தில் நனைந்த துப்பாக்கி என்றால் அதற்கு இதுதான் மருந்து.

பேட்டை லேத்
பேரலைவிட எனக்கு சிலிண்டர்தான் கவலை. யாருமே கேட்கவில்லை. 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கிற பாத்திரம் அது. வெள்ளத்தில் கிடந்தபோது காற்று இறங்கிப்போய் இருந்ததா, கேஜ் வழியாகவோ நிரப்புகிற முனை வழியாகவோ தண்ணீர் உள்ளே போனதா என்று தெரியாமல் கன்னத்தோடு ஒட்டிவைத்துச் சுடுகிறீர்கள். கைப்பம்பில் நிரப்பினாலும் நம் ஊர் ஐப்பசி காற்றின் ஈரம் உள்ளே போய்த் தங்கும். உள்ளே துருக்குழி இருந்தால் வெளியே தெரியாது. தயாரித்தவரிடம் அனுப்பி உள்ளே பார்க்கச் சொல்லி, அழுத்தச் சோதனை செய்யாமல் இனி நிரப்ப வேண்டாம். போட்டி போனால் போகிறது.

தேங்காய் எண்ணெயையும் நிறுத்துங்கள். நாளானால் பிசுக்காகி பெல்லட் பாதையில் படியும். இன்னொன்று, அதற்குப் பதிலாகத் தையல் மெஷின் எண்ணெயைக் காற்று இருக்கிற பக்கம் விட்டுவிடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடிக்கும். காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். பேரல் வழிக்குப் பின்பக்கத்திலிருந்து இழுக்கிற நூல் துணி போதும், அதுவும் எப்போதாவது.

உவரிக் காற்று
எங்கள் அப்பா ஏர்கன்னுக்குத் தேங்காய் எண்ணெய்தான். இன்றைக்கும் சுடுகிறது.

பேட்டை லேத்
அது ஸ்பிரிங் ஏர்கன்னாக இருக்கும். அதில் எண்ணெய் உள்ளே போனால் ஒவ்வொரு அடிக்கும் புகை வரும், சத்தமும் கூடும். பலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

உவரிக் காற்று
புகை வரும்தான்…

வண்ணார்பேட்டைக்காரன்
கேட்ட கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா. ராசா, சோதனையில் துருக்குழி என்று உறுதியானால் முதல் வழி, அதே மாடலுக்கான பேரலைத் தயாரித்தவரிடமே வாங்குவது. துளை, ஓ-ரிங் பள்ளம் எல்லாம் சரியாக இருக்கும், போட்டவுடன் சுடலாம். வெளிப் பேரல் என்றால் ஜெர்மனியின் லோதர் வால்தர் பெயர்தான் எல்லாரும் சொல்வது, 1925-லிருந்து பேரல் செய்கிறவர்கள். ஆனால் அதை உங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி கடைய வேண்டும், அந்தக் கூலியும் சேரும். நம் ஈரத்துக்கு ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் நல்லது. சாதா எஃகும் துடைத்து வைத்தால் நிற்கும். "தேயாத பேரல்" என்று தேட வேண்டாம், சாதா ஏர் ரைபிள் பேரலே சுட்டுத் தேயாது.

பத்துப்புள்ளி ஒன்பது
முதல் பதிலிலேயே நான் சொன்னது.

என்சிசி தங்கச்சி
ராசா அண்ணா, பஞ்சுக் குச்சி என்ன சொல்லியது?

வண்ணார்பேட்டைக்காரன்
ஆளைக் காணோம்.

பாளை ராசா
வேலை. பஞ்சு ஒரே இடத்தில் மாட்டியது, கீழ்ப்பக்கம் வலது ஓரம். பெல்லட் தள்ளியதில் சொரசொரப்பு இல்லை. பேட்டையில் ஒரு பட்டறையில் கிரவுன் தேய்த்து வாங்கினேன். துப்பாக்கியை சிலிண்டரோடு கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், அதனால் இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை. போட்டிக்கு ஒரு நண்பர் ரைபிள் தருகிறார். எல்லாருக்கும் நன்றி.

பேட்டை லேத்
திரும்பி வந்ததும் தாங்கியில் வைத்து, ஒரே டப்பா பெல்லட்டில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, குரூப் எத்தனை மில்லிமீட்டர் என்று இங்கே போடுங்கள். நாணயக் கணக்கு வேண்டாம், ஸ்கேல் வைத்து.

டெக்சாஸ் நெல்லையப்பன்
நண்பர் ரைபிள் பேரல் என்ன, குரோமா?